பூஜ்யம் சார் வீட்டு அடுப்பு

போன வாரம் அம்மாவையும் மகளையும் சமையலறையில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன் அல்லவா, அதற்கு நீங்கள் என்னைத் திட்டியதெல்லாம் காதுக்கு வந்து சேர்ந்தது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டு மனிதருக்காக, "பாவம், எவ்வளவு பெரிய மேதை" என்று சிலர் பரிந்து பேசுகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. மேதைதான். யார் இல்லை என்றது? மேதையோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. அவர் வீட்டுச் சாமான்களை வடிவமைக்கிறவர். நாற்காலி, விளக்கு, மின்விசிறி, அடுப்பு. எதைக் கையில் எடுத்தாலும் அதிலிருந்து எதை நீக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். மேசை விளக்கில் சுவிட்சை நீக்கினார். கழுத்தைத் தொட்டால் எரியும். நாற்காலியில் ஆணியை நீக்கினார். கம்பெனியில் அவர் பெயர் பூஜ்யம் சார். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஊரில் பாதிப் பேர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் விளக்கில் படிக்கிறார்கள். யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எந்தப் பொருளிலும் அவர் தன் பெயரைப் போட விட்டதில்லை. ஆனால் வரையக் கற்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். அவரைப் போலவே பை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு, வெறும் மேசையில் ஒற்றைப் பென்சிலோடு உட்கார்ந்து சுவரை முறைக்கிறார்கள். போன தலைமுறை சாமான் கடைக்கும் இந்தத் தலைமுறை சாமான் கடைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு மனிதர்தான் என்று சொன்னால் மிகையில்லை.

எல்லாவற்றிலும் பெரிய புகழ் அவருடைய மின்சார அடுப்புக்குத்தான். வெள்ளைப் பலகை, அதன் முன்பக்கத்தில் உருண்டையாக ஒரே ஒரு குமிழ். எண் கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது. அணையும்போது வருகிற 'டக்' சத்தத்தைக்கூட எடுத்துவிட்டார். குமிழில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. கோடு மேலே பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கிறது என்று அர்த்தம். கண் இருக்கிறவர்களுக்கு அது போதும்.

அம்மாவுக்குப் போதவில்லை. அவள் கண்ணில் நடுப்பகுதி மட்டும் மங்கிக்கொண்டே வருகிறது. ஓரமெல்லாம் தெரிகிறது, நேரே பார்ப்பது தெரியவில்லை. அந்தக் கறுப்புக் கோடு அவளுக்குக் காணாமல் போய் மாதக்கணக்காகிறது. எரிகிற அடுப்பை அணைந்ததென்று நினைத்துத் தொட்டு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து குமிழில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிடுகிறாள். அந்த மேடு விரலுக்குத் தட்டுப்பட்டால் அணைந்திருக்கிறது என்று கணக்கு. இது மகளுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியாகிவிட்டது.

அந்த வீட்டில் கண் போனதை மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இருப்பதே கொஞ்சம் சாமான். அதுவும் வைத்த இடத்தை விட்டு நகராது.

இனி அந்த வீட்டுக் காலைப்பொழுது.

அவர் குளித்துவிட்டு நேரே சமையலறைக்கு வந்தார். கண் குமிழுக்குப் போனது.

"மறுபடியுமா?"

அம்மா முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன மறுபடியும்?"

"இந்தச் சிவப்பு. இந்த வயசுல உனக்கு நெயில் பாலிஷ் கேக்குதா? பூசறதுதான் பூசறே, அது காயற வரைக்கும் கையைச் சும்மா வெச்சிருக்கக் கூடாதா? தினம் நாப்ல அப்பி வெக்கறே."

"அப்பித்தான் வெப்பேன். என்ன பண்ணுவீங்க?"

"சுரண்டுவேன்."

"சுரண்டுங்க. ரிடையர் ஆன மனுஷனுக்கு ஏதாவது வேலை வேணுமில்ல."

அவர் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். ஊதினார். துணியால் துடைத்தார். குமிழ் மழமழவென்று ஆனதும்தான் முகத்தில் தெளிவு வந்தது. சட்டை மாற்றிக்கொள்ள உள்ளே போனார்.

சாப்பாட்டு மேசையிலிருந்து மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அப்பாவுடைய கம்பெனியிலேயே அதே வேலைதான் செய்கிறாள். அங்கே அவளுக்குச் சின்னப் பூஜ்யம் என்று பெயர். அப்படி யாராவது கூப்பிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவர் சுரண்டறது உன் கண்ணைம்மா," என்றாள்.

"மெதுவாப் பேசு." அம்மா தட்டுகளுக்குப் பின்னாலிருந்து குட்டிப் புட்டியை எடுத்தாள். "அணைஞ்சிருக்கா பாரு."

"அணைஞ்சிருக்கு."

அம்மா இடதுகைக்காரி. இடது கையைக் குமிழ்மேல் வைத்து, கட்டை விரல் தானாக எங்கே விழுகிறதோ அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, ஒரு சொட்டு வைத்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் அல்ல, கீழே, வலது ஓரமாக.

"இன்னிக்காவது சொல்லிடும்மா. டாக்டர்கிட்டயாவது வா."

"டாக்டர்கிட்ட போனா மருந்து பாட்டில் வரும். பாட்டில் வந்தா உங்கப்பா, 'இது எதுக்கு இங்க'ன்னு கேப்பார். மாட்டேன்."

"ஏன் இப்படி மறைக்கறே? அப்பா என்ன பூதமா?"

"நீ சத்தியம் பண்ணியிருக்கே. போய் உன் வேலையைப் பாரு. உனக்கு இன்னிக்குப் பெரிய நாள்."

பெரிய நாள்தான். அந்த அடுப்பை ஆண்டுவிழாப் பதிப்பாகப் புதுப்பிக்கப் போகிறார்கள். எதை மாற்றுவது என்று இன்று முடிவாக வேண்டும். அவர் ஓய்வு பெற்றவர்தான். ஆனால் அந்த அடுப்பில் ஒரு திருகாணியை மாற்றுவதானாலும் அவர் கையெழுத்து வேண்டும் என்று பழைய முதலாளி செத்துப்போவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டார். மகளின் பைக்குள் அவளே பட்டறையில் கடைந்தெடுத்த, குமிழோடு கூடிய அடுப்பு முன்பக்கத்தின் மாதிரி ஒன்று இருந்தது. அதை அப்பா இன்னும் பார்க்கவில்லை.

மதியம் கம்பெனியின் கூட்ட அறை. அவர் நுழைந்ததும் பை இல்லாத சட்டைகள் எல்லாம் எழுந்து நின்றன. பழைய முதலாளியின் மகன், எல்லோருக்கும் சின்ன முதலாளி, மேசைமேல் கிடந்த துணியை விலக்கினான்.

அடுப்புதான். ஆனால் குமிழைச் சுற்றித் தங்க வளையம். பக்கத்தில் நீல விளக்கு. கீழே வரிசையாகப் பொத்தான்கள். முன்பக்கத்தில் பளபளவென்று அவருடைய கையெழுத்து.

"உங்க பழைய கையெழுத்து ஒண்ணை வெச்சு எடுத்தோம் சார். எப்படி?"

அவர் சுற்றி வந்து பார்த்தார். "வியாபாரம் நல்லாத்தானே போகுது?"

"போகுது சார்."

"அப்போ எதுக்கு இந்த வேஷம்?"

"வெறும் வெள்ளைப் பெட்டியை இனிமே யார் சார் வாங்குவா? பாக்கறவன் கண்ணு நிக்க வேண்டாமா?"

"அடுப்புல நிக்க வேண்டியது பாத்திரம். கண்ணு இல்ல." அவர் உட்காரவே இல்லை. "நான் பெத்த பொருள் மேலயே என் பேரை எழுதினதில்ல. கண்டவன் பெத்த பொருள் மேல எழுதுவேனா?"

"கண்டவன்னு யாரைச் சொல்றீங்க சார்?"

"உங்களைத்தான்."

பை இல்லாத சட்டைகள் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தன. மகள் எழுந்தாள். பையிலிருந்து மாதிரியை எடுத்துத் தங்க அடுப்பைத் தள்ளிவிட்டு நடுவில் வைத்தாள்.

அதே வெள்ளை, அதே உருண்டைக் குமிழ். ஒரே வித்தியாசம்: குமிழின் ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு மேடு.

"இது என்ன?" என்றார் அப்பா.

"மேடு."

"தெரியுது. எதுக்கு?"

"அணைஞ்சிருக்கான்னு விரலுக்குத் தெரியறதுக்கு."

"அதான் கோடு இருக்கே. தேவையில்ல. எடு."

மகளுக்கு முகம் சிவந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை. அவள் வரைந்த படத்தில் சூரியனுக்குக் கண் மூக்கு எதற்கு என்று கேட்டவர் இவர். அன்று அழித்தாள். இன்று அழிப்பதாக இல்லை.

"எடுக்க மாட்டேன்ப்பா. இவர் பத்து சேக்கணுங்கறார். நீங்க ஒண்ணுமே கூடாதுங்கறீங்க. நான் ஒண்ணே ஒண்ணு சேக்கணுங்கறேன். ரெண்டு பேருக்கும் என் மேல கோவம் வந்தா, நான் சரியான எடத்துலதான் நிக்கறேன்னு அர்த்தம்."

"வாய் நீளுது."

"உங்க வாய்தான். வேற எங்கேருந்து வரும்?" அவள் மேசை ஓரத்தில் இருந்த பழைய அடுப்பு ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். "கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்ய முடியலைன்னா அது பொருளே இல்லைன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? இங்க எல்லாரும் அதைத்தானே மந்திரம் மாதிரி ஒப்பிக்கறாங்க? கண்ணை மூடுங்க. இதை அணைங்க."

அவர் கண்ணை மூடியதும் அவள் குமிழை ஏதோ ஒரு திசையில் திருப்பிவிட்டாள். அவர் விரலை வைத்தார். மெதுவாகச் சுற்றி ஓர் இடத்தில் நிறுத்தினார். கோடு நேரே மேலே பார்த்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். சின்ன முதலாளிகூடத் தட்டினான். மகளுக்கு அவமானமாக இருந்தது. ஜெயிக்க ஒரு வழி என்று எடுத்துக்கொண்டு வந்தது அவர் காலடியிலேயே விழுந்துவிட்டது.

"அந்த எடத்துல ஒரு சின்ன இறுக்கம் இருக்கு. பழகினா யாருக்கும் விரல்ல தெரியும்," என்றார் அப்பா.

"அந்த இறுக்கத்தை வெச்சதே நீங்கதான். வெச்சவர் கைக்கு வெச்ச எடம் தெரியாதா? மத்தவங்களுக்குத் தெரியல."

"யாருக்குத் தெரியல?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அம்மாவுக்குச் செய்த சத்தியம் குறுக்கே நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேடு நிலைத்துவிடும். அம்மாவை இத்தனை பேர் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி ஜெயிக்க அவளுக்கு மனசில்லை.

"சொல்லு. யாருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"ஆள் இல்லாத மேடு எதுக்கு?"

"ஆள் இருக்கு. சொல்லத்தான் மாட்டேன். நான் இதுக்கு வடிவமைப்பாளர், எனக்கு இது தேவைன்னு படுது. அது போதும். நீங்க அந்த 'டக்' சத்தத்தை எடுத்தப்போ யார்கிட்டயாவது காரணம் சொன்னீங்களா?"

பூஜ்யம் சாரிடம் அந்தத் தொனியில் அங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை.

அவர் கோபத்தோடுதான் அவளுடைய மாதிரியைக் கையில் எடுத்தார். குறை கண்டுபிடிக்க எடுத்தார். கண்டுபிடித்தும் விட்டார்.

"மேடு வெக்கறவ கோட்டு மேல வெப்பா. நீ என்ன, கீழ, வலது ஓரமா வெச்சிருக்கே?"

"அங்கதான் கட்டை விரல் வரும்."

"வலதுகைக்காரனுக்கு அங்க வராது. இந்த எடத்தை யார் உனக்கு..."

அவர் வலது கட்டை விரல் நகம் அந்த மேட்டின்மேல் போய் உட்கார்ந்தது. அவர் யோசித்து வைக்கவில்லை. அதுவாகப் போனது. போனதும் சுரண்டியது. மேடு பெயரவில்லை.

அவர் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். காலையில் சுரண்டிய சிவப்பு இன்னும் நகக்கண்ணில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தை அவர் விரல் ஒருமுறை அறிந்தால் மறக்காது. தினமும் அதே இடம். தப்பித் தவறிப் பட்ட கறை என்றால் ஒரு நாள் மேலே இருக்கும், ஒரு நாள் பக்கத்தில் இருக்கும். இது அப்படி இல்லை. யாரோ தடவிப் பார்த்து வைத்தது.

"அப்பா," மகளின் குரல் இறங்கியிருந்தது. "அம்மா நகத்துல பாலிஷ் இருந்து எப்போப்பா பாத்தீங்க?"

மேசையின் அந்தக் கோடியில் பலகை ஒரு நூல் தூக்கியிருந்தால் இந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடுவார். வீட்டுக்காரி விரலைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவருக்கு ஞாபகமில்லை.

"வீட்டுக்குப் போகணும்," என்றார்.

"சார், கையெழுத்து?" சின்ன முதலாளி பேனாவோடு குறுக்கே வந்தான்.

"தள்ளு."

"நாளைக்குக் காலையில மெஷின் ஓடணும் சார். நீங்க போடலைன்னா வக்கீல் வழியா போவேன். பழைய காகிதமெல்லாம் எத்தனை நாளைக்கு?" அவர் நிற்காமல் போனதும் மகள் பக்கம் திரும்பினான். "நீங்களாவது புத்தியா நடந்துக்குங்க. தங்க வளையத்துக்குச் சரின்னு சொன்னா இந்தத் துறையே உங்க கையில. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன். அந்த மாதிரியை இங்க வெச்சுட்டுப் போங்க, அது கம்பெனி சொத்து."

மகள் மாதிரியை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"நான் என் சொந்தப் பிளாஸ்டிக்குல கடைஞ்சது. வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க. நாளைக்கு ஓடற மெஷின்ல இந்த மேடு இருக்கும், இல்லைன்னா நான் இருக்க மாட்டேன். இன்னொண்ணு, என் பேர் சின்னப் பூஜ்யம் இல்ல. இனிமே யாராவது அப்படிக் கூப்பிட்டா மரியாதை கெட்டுடும்."

கடைசி வார்த்தை பை இல்லாத சட்டைகளுக்கு. அவர்களில் ஒருத்தி மட்டும் மெல்லக் கை தட்டினாள்.

அப்பாவும் மகளும் பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நடந்தார். அந்த வீட்டில் அது நடக்கவே நடக்காத காரியம்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டு," என்றார்.

"எதுக்கு?"

"காட்டேன்."

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். விரல்கள் ஈரமாக இருந்தன. நகங்கள் வெறுமையாக இருந்தன. அவர் கையைத் திருப்பினார். உள்ளங்கையில் காயம் ஆறிய இடம் வழவழவென்று இருந்தது. அவர் தன் விரல்கள் மூன்றை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"எத்தனை?"

"சோதனை வெக்கறீங்களா? எனக்கு உங்க விரலும் தெரியல, மூஞ்சியும் தெரியல. காது மட்டும் ரெண்டும் தெரியுது. போதுமா?" சொல்லிவிட்டு அவள் வாசற்படியில் நின்ற மகள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "சொல்லிட்டே, இல்ல?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அவ சொல்லல. நானேதான்..." அவர் அவள் கையை விடவில்லை. "எத்தனை நாளா?"

"நீங்க சுரண்ட ஆரம்பிச்சதுக்கு முன்னாடியிலிருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மா நிமிர்ந்தாள். இத்தனை வருஷமாக இந்தக் கதையில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"சொன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். கண்ணு தெரியாதவளுக்கு அடுப்பு எதுக்கும்பீங்க. அடுத்து கத்தி எதுக்கும்பீங்க. இந்த வீட்டுக்கு வந்தப்போ ஜன்னல்கிட்ட எனக்குன்னு ஒரு நாற்காலி இருந்தது. யாரும் அவ்வளவா உக்கார்றதில்லைன்னு எடுத்தீங்க. சுவர்ல கடிகாரம் இருந்தது, சத்தம்னு எடுத்தீங்க. எங்கம்மா குடுத்த அலமாரியை எடுத்தீங்க. நான் வாயே திறக்கல. வேலைக்கு ஆகாதது எதுவும் இந்த வீட்ல தங்கினதில்ல. வேலைக்கு ஆகாம போன நான் மட்டும் எப்படிங்க தங்குவேன்?"

"என்ன பேசறே நீ?" அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீ தேவையில்லைன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"தேவைன்னு எப்பவாவது சொன்னீங்களா?"

வாசற்படியில் மகளின் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சின்ன முதலாளி. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அப்பா சமையலறையில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். அவர் என்ன சொன்னார் என்பது அடுத்த வாரம்.